வேலூர்தானே மேடம்?

வீட்டிலிருந்தே ஒப்பந்தத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒருவர், வேலூரில் குடியிருப்பதற்காக, மணிக்கு இவ்வளவு என்ற தன் ரேட்டில் எவ்வளவு தள்ளுபடி தர வேண்டும்? எழுதிப் பார்த்தால் கிறுக்குத்தனமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சிகளோடு பேசும்போதெல்லாம் கடைசியில் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறோம். யாரும் இப்படிப் பட்டென்று கேட்பதில்லை. நாம் எண்ணைச் சொன்னதும் கொஞ்சம் மூச்சு விடுவார்கள், அப்புறம் ‘நீங்க வேலூர்லதானே மேடம் இருக்கீங்க?’ என்பார்கள். வாடகை கம்மி, சாப்பாடு வீட்டில், ஆபீஸ் போக வர செலவில்லை, பிறகு எதற்கு இவ்வளவு என்பதையெல்லாம் நாமே புரிந்துகொள்ள வேண்டும். புரிந்துகொண்டு பாதிப் பேர் எண்ணைக் குறைத்தும் விடுகிறார்கள். போன கோடையில் வந்த ஓர் அழைப்புக்குப் பிறகு இந்தக் கேள்வி என் மண்டைக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. மொட்டை மாடியில் துணி எடுக்கும்போதும் அதோடுதான் சண்டை.

நான் டேட்டாபேஸ் வேலை பார்ப்பவள். வீடு வேலூர் சத்துவாச்சாரியில். காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து சென்னைக்குப் போய் வந்த சீசன் டிக்கெட் கூட்டத்தில் நானும் ஒருத்தி. 2020-இல் வேலை வீட்டுக்கே வந்துவிட்டது. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் நிரந்தர வேலையை விட்டுவிட்டு ஒப்பந்தத்துக்கு மாறினேன். ஆறு மாதம், பிடித்திருந்தால் நீட்டிப்பு. வேலை இங்கிலாந்தில் இருக்கும் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு. அவர்களுக்கும் எனக்கும் நடுவில் பெங்களூரில் ஆள் சப்ளை செய்யும் ஒரு பெரிய வெண்டர், அதற்குக் கீழே சென்னையில் ஒரு சின்ன ஏஜென்சி. என் டைம்ஷீட் மேலே ஏறிப் போகும், பணம் கீழே இறங்கி வரும். வரும் வழியில் ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். அது நியாயம்தான், சும்மா யார் வேலை செய்வார்கள்? எவ்வளவு ஒட்டுகிறது என்பது மேலே இருக்கிற எல்லோருக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியாது. அதுதான் உறுத்தல்.

கரண்ட் சி.டி.சி. சொல்லுங்க

வேலை தேடும் நௌக்ரி இணையதளத்தில் ரெஸ்யூமேயைத் தொட்டால் போதும், மறுநாள் காலையிலிருந்து போன் ஆரம்பித்துவிடும். டோட்டல் எக்ஸ்பீரியன்ஸ், ரெலவன்ட் எக்ஸ்பீரியன்ஸ், நோட்டீஸ் பீரியட், கரண்ட் சி.டி.சி. (இப்போதைய மொத்தச் சம்பளம்), எக்ஸ்பெக்டட் சி.டி.சி. (கேட்கும் சம்பளம்) என்று வரிசையாக ஒப்பிப்பார்கள். என்ன வேலை, யாருக்கு வேலை என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். மெயிலில் ஓர் அட்டவணை வரும். கரண்ட் சி.டி.சி. கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினால் போன வேகத்தில் திரும்பி வரும்.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி சென்னையில் கொஞ்ச காலம் ரெக்ரூட்டராக இருந்துவிட்டு, பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று ஊருக்கு வந்துவிட்டாள். ஒரு நாள் அவளைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். “எங்ககிட்ட ஒரு எக்ஸெல் இருக்கும் ஆன்ட்டி. க்ளையன்ட் பட்ஜெட் ஒரு கட்டம், மார்ஜின், அதான் எங்களுக்கு நிக்கிறது, ஒரு கட்டம். நீங்க சொல்ற எக்ஸ்பெக்டடைப் போட்டவுடனே மார்ஜின் தானா மாறும். பச்சையா இருந்தா ப்ரொஃபைலை அனுப்பிடுவோம். சிவப்பானா டீம் லீடைக் கேக்கணும்” என்றாள். சரி, கரண்ட் சி.டி.சி. எதற்கு என்றேன். “அதுக்கு மேல முப்பது பர்சென்ட் போட்டுச் சொன்னா கேண்டிடேட் குஷியா ஒத்துக்குவாங்க. க்ளையன்ட் எவ்வளவு தராங்கன்னு கேக்கவே மாட்டாங்க.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவளுக்கு அங்கே கிடைத்த சம்பளத்தில் பாதி விடுதிக்குப் போனது. தினமும் இத்தனை ப்ரொஃபைல் அனுப்ப வேண்டும் என்று தலைக்கு மேல் டார்கெட் வேறு. அதிலிருந்து எனக்குப் போன் செய்கிற பிள்ளைகள் மேல் கோபப்படுவதை விட்டுவிட்டேன். எக்ஸெல்லைப் போட்டவர் வேறு யாரோ.

பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்றே சில இடங்களில் சட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2016-இல் இதற்குச் சட்டம் நிறைவேற்றி 2018-இல் அமலுக்குக் கொண்டுவந்தது. கலிஃபோர்னியாவிலும் 2018 முதல் கேட்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த சம்பள வெளிப்படைத்தன்மை உத்தரவும் இதையே சொல்கிறது. அதற்கேற்ப உள்நாட்டுச் சட்டம் கொண்டுவர உறுப்பு நாடுகளுக்குக் கொடுத்த கெடு 2026 ஜூன் 7. நமக்கு அந்த வம்பே இல்லை. இங்கே மூன்று மாத சம்பளச் சீட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கேட்டு வாங்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சின்ன வசதி உண்டு. போன ஒப்பந்தத்தின் ரேட்டை வெளியில் சொல்லக் கூடாது என்று அந்த ஒப்பந்தத்திலேயே பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். அதைக் காட்டி அந்தக் கட்டத்தில் ‘ரகசியம்’ என்று நிரப்பலாம். நான் அப்படித்தான் நிரப்புகிறேன். யாரும் செத்துவிடவில்லை.

அந்த 250 யாருக்கு?

இப்போது அந்த அழைப்புக்கு வருகிறேன். மே மாதம், மதியம் மூன்று மணி. வேலூர் மே மாதத்தைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஃபேன் மட்டும் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பழைய ஒப்பந்தம் முடியும் நேரம், புதிய ஏஜென்சி ஒன்றிலிருந்து ஒரு பெண் பேசினாள். வேலை விவரமெல்லாம் ஒத்துவந்தது. ரேட் கேட்டாள். மணிக்கு 1,100 ரூபாய் என்றேன். வழக்கமான அந்த மூச்சு. பிறகு, “மேடம், பெங்களூர்ல இருக்கறவங்களுக்கு அது ஓகே. நீங்க வேலூர்லதானே, முழு ரிமோட். 850 வரைக்கும் ட்ரை பண்றேன்.”

சூடு தலைக்கு ஏறியிருந்ததோ என்னவோ, ஒப்புக்கொள்ளவும் தோன்றவில்லை, வாதாடவும் தோன்றவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டேன். “ஒண்ணு சொல்லும்மா. பெங்களூர் ஆளைப் போட்டா க்ளையன்ட் உங்களுக்கு மணிக்கு இவ்வளவுன்னு ஒரு பில் ரேட் தருவாங்க இல்ல? என்னைப் போட்டா அது குறையுமா?”

“புரியல மேடம்.”

“ரேட் கார்டுல ஊருக்குன்னு ஒரு கட்டம் இருக்கா?”

கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பாவம், நிஜமாகவே ஃபைலைத் திறந்து பார்த்திருக்கிறாள். “இல்ல மேடம். எக்ஸ்பீரியன்ஸ் மட்டும்தான் இருக்கு. ஏழு டு பத்து, பத்துக்கு மேல.”

“அப்போ அந்த 250 யாருக்கும்மா?”

பதில் வரவில்லை. அவள் கோபப்படவும் இல்லை, மழுப்பவும் இல்லை. இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பது அவளுக்கும் அப்போதுதான் தோன்றியது போல இருந்தது. “டீம் லீட்கிட்ட பேசிட்டுக் கூப்பிடறேன் மேடம்” என்று வைத்துவிட்டாள்.

மணிக்கு 250 என்றால் மாதம் 160 மணி நேரத்துக்கு 40,000 ரூபாய். இதில் ஒரு பைசா கூட இங்கிலாந்துக்காரனுக்கு மிச்சமாகவில்லை. அவன் ஊரைப் பார்க்காமல் அனுபவத்தைப் பார்த்து முழு ரேட்டையும் தரப்போகிறான். நான் வேலூரில் இருப்பதால் வாடகையில் ஏதாவது மிச்சமானால் அது நான் பிடித்த மிச்சம். நகரத்தை விட்டு வந்ததற்கும், பிள்ளைகளை இங்கே பள்ளியில் சேர்த்ததற்கும், ஆபீஸ் நட்பெல்லாம் அறுந்து போனதற்கும் நான் கொடுத்த விலைக்குக் கிடைத்த மிச்சம். அதைத்தான் ஏஜென்சி என் பெயரைச் சொல்லி வசூல் செய்துகொள்ளப் பார்த்தது. ஊர்வாரியாகவே ரேட் வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. ஒன்றாம் நிலை நகரம், இரண்டாம் நிலை நகரம் என்று தனித்தனி எண் போட்டிருப்பார்கள். அது பணம் தருகிறவரின் முடிவு. எனக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, அங்கே தள்ளுபடி பணம் தருகிறவரிடமாவது போய்ச் சேர்கிறது. இங்கே அது நடு வழியிலேயே இறங்கிவிடுகிறது.

இரண்டு நாள் கழித்து டீம் லீடே பேசினார். ரேட் கார்டைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை, நானும் கேட்கவில்லை. ‘உங்க ப்ரொஃபைல் ஸ்ட்ராங்கா இருக்கறதால’ 1,000 தரலாம் என்றார். பேச்சோடு பேச்சாக, பேமென்ட் மட்டும் 60 நாள் கழித்து என்றார்.

துண்டுக்கு அடியில்

எங்கள் சின்ன மாமா பொய்கை மாட்டுச் சந்தையில் ரொம்ப காலம் தரகராக இருந்தவர். இப்போது முட்டி வலி, செவ்வாய்க்கிழமைகளில் சும்மா போய் வேடிக்கை பார்த்துவிட்டு வருவார். அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். பில் ரேட், ரேட் கார்டு எல்லாவற்றையும் சந்தை பாஷைக்கு மாற்றிச் சொன்னதும் கற்பூரம் போலப் பிடித்துக்கொண்டார்.

“இன்னாம்மா இது அநியாயம். துண்டைப் போட்டு வெரலைப் புடிச்சு வெலை பேசறோமே, அது இன்னாத்துக்கு? சுத்தி நிக்கிறவனுக்குத் தெரியக் கூடாதுன்னு. விக்கிறவனுக்கும் வாங்கறவனுக்கும் தெரியாம வெலை முடியுமா? தரகு இவ்ளோன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்.” மாமாவின் யோக்கியதைக்கு நான் ஜாமீன் இல்லை. நடுவில் அமுக்குகிற தரகர்களைப் பற்றி அவரே ராத்திரி முழுக்கக் கதை சொல்வார். ஆனால் அடுத்து அவர் கேட்டதுதான் விஷயம். “உன் கதையில விக்கிறவன் ஏஜென்சிக்காரன். வாங்கறவன் வெள்ளைக்காரன். வெலை அவங்க ரெண்டு பேருக்கும் தெரியுது. அப்போ நீ யாரு?”

அத்தை சமையலறையிலிருந்தே சிரித்தாள். சந்தையில் தன் விலை தெரியாமல் நிற்பது யார் என்று எனக்கு விளக்கத் தேவையில்லை.

நாம் விற்பனை செய்கிறவர்கள், ஏஜென்சி நமக்காகப் பேசுகிற தரகர் என்று நினைத்துக்கொண்டுதான் ரேட் பேச உட்காருகிறோம். ‘உங்களுக்காக நான் ஃபைட் பண்றேன் மேடம்’ என்று அவர்களும் சொல்வார்கள். ஆனால் பில் போடுவது அவர்கள், அந்த பில்லில் நான் ஒரு வரி. பில் தொகைக்கும் எனக்குத் தருவதற்கும் உள்ள வித்தியாசம்தான் அவர்கள் வருமானம். எனக்கு ஒரு ரூபாய் ஏறினால் அவர்களுக்கு ஒரு ரூபாய் இறங்கும். இதில் அவர்கள் எனக்காக யாரோடு சண்டை போடுவார்கள்? இது துரோகமில்லை, தொழில். அதைத் தொழிலாகவே பார்த்துப் பேசினால் இரண்டு பக்கமும் குரல் உயர வேண்டியதில்லை.

மலிவு ஊர்

வேலூர் மலிவு என்பதே பாதிதான் உண்மை. சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி வாடகை என்னவென்று அங்கே மாதக் கணக்கில் தங்கி வைத்தியம் பார்க்கும் வங்காளக் குடும்பங்களைக் கேட்டால் தெரியும். சத்துவாச்சாரி அவ்வளவு மோசமில்லை, சரி. ஆனால் வீட்டிலிருந்து வேலை என்றால் மார்ச்சிலிருந்து பகல் முழுக்க ஏ.சி. ஓட வேண்டும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கடைசி யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழே இருக்கும் யூனிட்டுகளுக்கும் ஏறிவிடும் என்பது தமிழ்நாட்டில் மின்கட்டணம் கட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த வயிற்றெரிச்சல். இன்வெர்ட்டர் பேட்டரி, ஒன்று படுத்தால் இன்னொன்று என்று இரண்டு இன்டர்நெட் இணைப்பு, பெங்களூரில் மீட்டிங் என்று கூப்பிட்டால் காட்பாடியிலிருந்து ரயில், அங்கே ரூம். எல்லாம் என் செலவு. ரேட் பேசும்போது இதில் எதையும் அவர்கள் கூட்டுவதில்லை. கழிப்பதற்கு மட்டும்தான் ஊர்.

மாதச் சம்பளத்தை வைத்து ரேட் கணக்குப் போடுகிறவர்களுக்கும் இதே கதிதான். வருடத்துக்கு 15 லட்சம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,25,000. மாதத்துக்கு 22 நாள், நாளைக்கு 8 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 710 ரூபாய் வரும். ஏஜென்சி நமக்குப் போட்டுக் காட்டும் கணக்கு இதுதான். ஆனால் வருடத்தில் சனி, ஞாயிறு போக 261 நாள். அரசு விடுமுறை பத்தாவது கழியும். காய்ச்சல், கல்யாணம், பொங்கல் என்று பதினைந்து போகும். ஒப்பந்தத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் நடுவில் சும்மா இருப்பது ஐந்து வாரம் என்றால் இன்னும் 25. மிஞ்சுவது 210 சொச்சம். 15 லட்சத்தை அதால் வகுத்தால் நாளைக்கு 7,100, மணிக்கு 890 ரூபாய். அதே 15 லட்சம்தான். சும்மா இருக்கும் நாளுக்கு எனக்கு யாரும் காசு தருவதில்லை என்பதைச் சேர்த்ததும் மணிக்கு 180 ரூபாய் ஏறிவிட்டது. அந்த மே மாதம் 850 என்று கேட்டபோது நான் தயங்காததற்குக் காரணம் தைரியம் இல்லை, இந்தக் கணக்கு பீரோக் கதவில் ஒட்டியிருந்தது.

ஏஜென்சிக்காரர் பக்கமும் கணக்கு இருக்கிறது. மேலே இருப்பவன் 60 நாள், 90 நாள் கழித்துத்தான் பணம் தருவான். இவர்கள் எனக்கு அதற்கு முன்பே தர வேண்டும். அந்த இடைவெளிக்கு வட்டி உண்டு. ஆள் நடுவில் ஓடிவிட்டால் நஷ்டம் அவர்களுக்கு. பத்து பதினைந்து சதவீதம் எடுத்துக்கொள்ளட்டும் என்றே நினைக்கிறேன். மார்ஜினும் எடுத்துக்கொண்டு, காத்திருப்பதையும் என் தலையில் கட்டுவதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த 60 நாள் அப்படிப்பட்டது.

அதற்கு ஒரு பிடி இருக்கிறது, நிறைய பேர் பயன்படுத்துவதில்லை. மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது, தனி ஆளும் செய்யலாம். 2006-ஆம் ஆண்டு சிறு குறு நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு பணம் தர 45 நாளுக்கு மேல் தவணை வைக்க முடியாது, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. கெடு தாண்டி நிலுவை வைத்தால், பணத்தைக் கொடுத்து முடிக்கும்வரை அதைச் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிக்கவும் முடியாது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இந்த விதி வந்திருக்கிறது. டீம் லீடிடம் நான் சட்டமெல்லாம் பேசவில்லை. உத்யம் சான்றிதழை மட்டும் மெயிலில் இணைத்து, தவணை எத்தனை நாள் என்று மறுபடி கேட்டேன். 30 நாள் என்றால் 975தான் முடியும் என்று பதில் வந்தது. கையெழுத்துப் போட்டேன். ரேட்டில் 25 ரூபாய் போனாலும் பணம் மாதத்துக்குள் வருவது எனக்கு முக்கியம். பிள்ளைகளின் பீஸ் 60 நாள் காத்திருக்காது.

ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத்தில் இருக்கும் அக்கா மகன் இதைக் கேட்டுவிட்டு, “சித்தி, உங்களுக்கு மெயில்ல பேசறாங்க, எங்களுக்கு கேட்ல பேசறாங்க, அவ்ளோதான்” என்றான். அவ்வளவுதான் என்று விட்டுவிட முடியாது. அவனுக்குக் குறைந்தபட்சக் கூலி என்று ஒரு தரை இருக்கிறது. ஒப்பந்தக்காரர் கூலி தராமல் போனால் கம்பெனியே தர வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வைத்தது, புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. என் போன்றவர்களுக்கு அந்தத் தரை இல்லை. அவனுக்கோ ‘ரேட் பேசலாமா’ என்று கேட்க ஒரு வாய்ப்பே வருவதில்லை. யார் நிலை தேவலாம் என்று அன்றைக்கு முடிவாகவில்லை. பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது.

இப்போது நீட்டிப்புக்கான நேரம். ‘க்ளையன்ட் பக்கம் காஸ்ட் பிரஷர், ஏழு சதவீதம் குறைக்க வேண்டியிருக்கிறது’ என்று மெயில் வந்திருக்கிறது. பில் ரேட்டும் ஏழு சதவீதம் குறைந்திருக்கிறதா என்று கேட்டுப் பதில் போட்டேன். ‘நோட்டெட்’ என்று ஒற்றை வார்த்தை வந்தது. இதற்கிடையில் வேறு இரண்டு ஏஜென்சிகள் அழைத்தன. இரண்டும் ஒரே க்ளையன்டின் ஒரே காலியிடத்துக்குத்தான், வேலை விவரத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஒருவர் 925 என்கிறார், இன்னொருவர் 1,050 என்கிறார். இரண்டு பேர் வழியாகவும் என் ப்ரொஃபைல் போனால் இரண்டையுமே தள்ளிவிடுவார்கள் என்பதால் என் ப்ரொஃபைலை அனுப்பலாம் என்று சம்மதம் சொல்லும் கன்சென்ட் மெயிலை யாருக்கும் இன்னும் அனுப்பவில்லை. 1,050 சொன்னவர் தவணை 60 நாள் என்றார். சான்றிதழை இணைத்து, 30 நாள் என்று எழுத்தில் வந்தால் உடனே கன்சென்ட் தருகிறேன் என்று நேற்று ராத்திரி எழுதிவிட்டேன். திங்கட்கிழமை வரை பார்ப்பேன்.